தொட்டியின் அடியில் கல் வேண்டாம்

தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று செடித் தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டோ பரப்புவது பலருக்கும் வழக்கம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். உண்மையில் அது வேருக்குக் கெடுதல். மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லின் பெரிய இடைவெளிக்குள் அதை எளிதில் விடாது. அதனால் கல்லுக்குச் சற்று மேலேயே ஈரம் தேங்கிவிடும். வேர் அழுகத் தொடங்குவது அங்கேதான். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துத் தூக்கிப் பிடியுங்கள்: சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பக்கம் மட்டும் சொதசொதவென்று இருக்கும். தொட்டி மண்ணிலும் நடப்பது இதுதான்.

அடியில் நல்ல ஓட்டைகள், மண் வெளியேறாமலிருக்க ஒரு துண்டு வலை, அவ்வளவு போதும். கல் போடும் இடத்தையும் மண்கலவையாலேயே நிரப்புங்கள். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், தக்காளி, கத்திரிக்கு 30 செ.மீ.யாவது வேண்டும். வெறும் தோட்டத்து மண் தொட்டியில் இறுகிப்போகும். தேங்காய் நார்த்தூளும் மட்கிய உரமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் விரல் நுனியில் குளுகுளுவென்று மண் ஒட்டினால், அன்று தண்ணீர் வேண்டாம்.