குழந்தை கஸ்டடி கேஸ்ல அப்பா அம்மா பண்ணவே கூடாத தப்புகள்

புருஷன் பொண்டாட்டி பிரியுறப்போ நகை, வீடு, பணம் எல்லாத்தையும் விட பெரிய சண்டை பிள்ளைக்காகத்தான் நடக்குது. அந்த சண்டையில ரெண்டு பக்கமும் பண்ற தப்பு பெரும்பாலும் ஒரே நினைப்புல இருந்து வருது, "நான் யோக்கியம், எதிர்ல இருக்கவங்கதான் மோசம்"னு நிரூபிச்சிட்டா குழந்தை என்கிட்ட வந்துடும்ங்கற நினைப்பு. கோர்ட் அந்த கணக்கே போடறதில்ல. இந்த பிள்ளை எங்க இருந்தா ஒழுங்கா சாப்ட்டு, தூங்கி, ஸ்கூலுக்குப் போயி, பயமில்லாம வளரும்னுதான் ஜட்ஜ் பாப்பாரு. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து அப்பீல் போன ரோஸி ஜேக்கப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1973லயே சொல்லிடுச்சு, பிள்ளைங்க வெறும் உடைமையும் கிடையாது, பெத்தவங்களுக்கு விளையாட்டு சாமானும் கிடையாதுன்னு. இன்னிக்கு வரைக்கும் எல்லா கஸ்டடி தீர்ப்புக்கும் அடியில இருக்கறது அந்த எண்ணம்தான்.

முதல்ல வயசு கணக்கை நம்பி ஏமாறுறது. 1956 இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் ஆக்ட் 6வது பிரிவுல அப்பாதான் இயற்கை கார்டியன் (பிள்ளைக்கு சட்டப்படி பொறுப்பாளர்), அவருக்கு அப்புறம் அம்மா, ஆனா 5 வயசு முடியாத குழந்தையோட கஸ்டடி சாதாரணமா அம்மாகிட்டன்னு இருக்கு. இதை வச்சு அம்மா பக்கம் "அஞ்சு வயசு வரைக்கும் யாரும் தொட முடியாது"ன்னு தைரியமா இருக்காங்க, அப்பா பக்கம் "அஞ்சு முடியட்டும், தானா நம்மகிட்ட வந்துடும்"னு காத்துட்டு இருக்காங்க, ரெண்டுமே தப்பு. "சாதாரணமா"ன்னு போட்டிருக்கறதால ஜட்ஜ் அதை மாத்தவும் முடியும், ஆனா கைக்குழந்தை விஷயத்துல அம்மாகிட்ட விடக்கூடாதுன்னு சொல்றவங்கதான் காரணத்தை நிரூபிக்கணும்னு 2015ல ராக்ஸன் சர்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதே மாதிரி அஞ்சு வயசு முடிஞ்ச அன்னிக்கு எதுவும் தானா மாறாது. அதே ஆக்ட் 13வது பிரிவு குழந்தை நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. அப்பாதான் கார்டியன், அம்மாவுக்கு அதிகாரமே இல்லன்னு இன்னமும் பேசறவங்களுக்கு 1999 கீதா ஹரிஹரன் தீர்ப்பு பதில் சொல்லிடுச்சு, "அவருக்கு அப்புறம்"னா அப்பா செத்ததுக்கு அப்புறம்னு மட்டும் எடுத்துக்க முடியாது, அப்பா பொறுப்புல இல்லாதப்பவும்னு அர்த்தம். முஸ்லிம் குடும்பங்கள்ல ஹனஃபி முறைப்படி பையன் 7 வயசு வரைக்கும், பொண்ணு வயசுக்கு வர்ற வரைக்கும் அம்மாகிட்டங்கற வழக்கம் இருக்கு, கிறிஸ்தவங்களுக்கு 1869 டைவர்ஸ் ஆக்ட் இருக்கு. எந்த மதமா இருந்தாலும் கோர்ட் கடைசியில பிள்ளையோட நலனைத்தான் எடை போடும்.

பணம் பத்தின தப்பும் இதே ரகம். "எனக்கு மாசம் ரெண்டு லட்சம் சம்பளம், அவளுக்கு வேலையே இல்ல, எப்படி வளப்பா?"ன்னு கேக்குறாங்க. வருமானம் கம்மியா இருக்கவங்ககிட்ட குழந்தை இருந்தா, வருமானம் இருக்கவர் மெயின்டெனன்ஸ், அதாவது வளக்குற செலவுக்குப் பணம், குடுக்கணும், அவ்வளவுதான். வேலைக்குப் போற அம்மாங்கறதுக்காகவும் கஸ்டடி பறிபோகாது. நீங்க ஆபீஸ் போன நேரத்துல பிள்ளையை யார் பாத்துக்குவாங்கன்னு கேப்பாங்க, அதுக்கு உருப்படியா ஒரு பதில் வச்சிருந்தா போதும்.

பெட்டிஷன், கவுன்ட்டர் (எதிர் பக்க பெட்டிஷனுக்கு குடுக்குற பதில்) எழுதுற விஷயத்துல நடக்கறதைப் பாத்தா உண்மையிலயே மனசு கஷ்டமா இருக்கு. நாப்பது பக்கம் கவுன்ட்டர் இருக்கும், மாமியார் சீர் கேட்டது, நாத்தனார் பேசினது, தலைதீபாவளிக்கு மோதிரம் போடாததுன்னு எல்லாம் தேதி வாரியா இருக்கும், பிள்ளையைப் பத்தி கடைசி பக்கத்துல ரெண்டே வரி. ஜட்ஜ் சாதாரணமா "பையன் எந்த செக்‌ஷன்? கிளாஸ் டீச்சர் பேரு என்ன? கடைசியா எப்போ ஜுரம் வந்துச்சு, எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"ன்னு கேட்டா முழிக்கிறவங்க நிறைய பேரு. தடுப்பூசி அட்டை, ஸ்கூல் பீஸ் ரசீது, பேரன்ட்ஸ் மீட்டிங்ல போட்ட கையெழுத்து, டியூஷன் கொண்டு விட்ட நேரம், எந்த மருந்து ஒத்துக்காதுங்கற விவரம், இதெல்லாம்தான் கஸ்டடி கேஸுக்கு ஆதாரம். உங்க வக்கீல்கிட்ட போறப்போ பொண்டாட்டி வீட்டு குத்தத்தை எழுதிட்டுப் போறதுக்கு முன்னாடி பிள்ளையோட ஒரு நாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எப்படிப் போகும்னு ஒரு பக்கம் எழுதிட்டுப் போங்க.

அடுத்தது ஸ்கூல் விடுற நேரத்துல போயி பிள்ளையைத் தூக்கிட்டுப் போறது. தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க. சென்னையில படிச்சிட்டு இருந்த பிள்ளையை ராத்திரியோட ராத்திரியா மதுரைக்குக் கொண்டு போயி அங்க டீசி இல்லாம ஒரு ஸ்கூல்ல சேத்து அங்கயே கேஸ் போட்டா இடம் மாறிடும்னு யாரோ சொல்லிக் குடுக்குறாங்க. 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் 9வது பிரிவு பிள்ளை வழக்கமா வசிக்கிற இடத்து கோர்ட்டைத்தான் சொல்லுது, நேத்து கொண்டு போயி வச்ச இடத்தை இல்ல. எதிர் பக்கம் ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (பிள்ளையை கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லி கேக்குற மனு) போடலாம், பிள்ளையை சட்டப்படி உரிமை இல்லாதவங்க வச்சிருந்தா கஸ்டடி விஷயத்துலயும் அந்த மனு செல்லும்னு 2019 தேஜஸ்வினி கௌட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஸ்கூல் பையோட பிள்ளையை ஹைகோர்ட் வராண்டாவுல போலீஸ் பக்கத்துல உக்கார வைக்கிற நிலைமை எந்த அப்பா அம்மாவுக்கும் வேண்டாம்.

இதுக்கு மறுபக்கமும் ஒரு தப்பு இருக்கு, இதைப் பத்தி யாரும் அதிகமா சொல்றதில்ல. பிள்ளையை எதிர் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாங்க, பெரியவங்க பேசிப் பாக்கட்டும், ஆடி முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு மாசக்கணக்குல சும்மா இருக்கறது. பிள்ளை அந்த வீட்டுக்கும் அந்த ஸ்கூலுக்கும் பழகிடும், அப்புறம் அந்த பழக்கத்தைக் கலைக்க கோர்ட்டே யோசிக்கும். 2017 விவேக் சிங் கேஸ்ல 21 மாச பெண் குழந்தையை அப்பா வச்சிருந்தாரு, விஷயம் சுப்ரீம் கோர்ட்ல முடியறப்போ பொண்ணுக்கு 8 வயசு, அவளுக்கு அப்பாகிட்ட இருக்கத்தான் பிடிச்சிருந்தது. அம்மாகூட வாழ்ந்தே பாக்காத பிள்ளை வேற எப்படி சொல்லும்னு யோசிச்சு, கொஞ்ச காலம் அம்மாகிட்ட இருந்து பாக்கட்டும்னு கோர்ட் முடிவு பண்ணுச்சு. அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைச்சது சந்தோஷம்தான், ஆனா நடுவுல போன அந்த வருஷங்களை யார் திருப்பிக் குடுக்க முடியும்? அதனால பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், கூடவே ஜி.டபிள்யூ.ஓ.பி (கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்படி போடுற கஸ்டடி மனு) போட்டு, அதுலயே ஒரு ஐ.ஏ.வும் (இடைக்கால மனு) போட்டு, பிள்ளையைப் பாக்குறதுக்கு இடைக்கால ஆர்டர் கேட்டுடுங்க.

விசிட்டேஷன் ஆர்டர், அதாவது பிள்ளையைப் பாக்க விடணும்ங்கற ஆர்டர், வந்ததுக்கு அப்புறம் நடக்குற தப்புகளைப் பாக்கணும்னா குடும்ப நீதிமன்றத்துல பிள்ளைங்களைப் பாக்க விடுற அறைக்கு வெளிய அரை மணி நேரம் நின்னா போதும். உள்ள அப்பா பொம்மை கார் ஓட்டிக் காட்டிட்டு இருப்பாரு, வாசல்ல இருந்து பாட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் "கண்ணா தண்ணி வேணுமா, போலாமா"ன்னு குரல் குடுப்பாங்க, பிள்ளை அப்பா முகத்தையும் பாட்டி முகத்தையும் மாத்தி மாத்திப் பாக்கும், சிரிக்கலாமா கூடாதான்னு கூட அதுக்குத் தெரியாது. அப்பாவும் சும்மா இல்ல, கிடைச்ச ஒரு மணி நேரத்துல பாதியை "அம்மா யார்கூட போன் பேசறாங்க, வீட்டுக்கு யார் வர்றாங்க"ன்னு விசாரிச்சே தீத்துடுவாரு. ரெண்டு பக்கமும் இதை உடனே நிறுத்தணும். பிள்ளையை இன்னொரு பெத்தவங்ககிட்ட இருந்து பிரிக்கப் பாக்குறவங்க மேல கோர்ட்டுக்கு நம்பிக்கை குறையும். பிள்ளைக்கு ரெண்டு பேரோட பாசமும் வேணும், நேர்ல பாக்க முடியலன்னா வீடியோ கால்லயாவது பேச விடணும்னு 2020 யஷிதா சாஹு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு.

"மெயின்டெனன்ஸ் கட்டல, அதனால பிள்ளையைக் காட்ட மாட்டேன்", "காட்டல, அதனால கட்ட மாட்டேன்" இந்த ரெண்டும் வேண்டாம். ரெண்டும் தனித்தனி ஆர்டர், ஒண்ணை மீறினா அதுக்கு தனியா மனு போடணும், நீங்களே பழிக்குப் பழி வாங்கினா தப்பு உங்க மேல திரும்பிடும்.

பிள்ளைக்கு சொல்லிக் குடுத்து கூட்டிட்டு வர்றதும் பலிக்காது. ஓரளவு விவரம் தெரிஞ்ச வயசா இருந்தா கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் 17வது பிரிவுப்படி பிள்ளையோட விருப்பத்தை கோர்ட் கவனிக்கலாம், அதுக்காக ஜட்ஜ் தன்னோட சேம்பர்ல தனியா பேசுவாரு, அது பல காரணங்கள்ல ஒண்ணுதான், அதுவே தீர்ப்பு ஆகிடாது. ஏழு வயசுப் பொண்ணு வந்து "அப்பா என்னை மனரீதியா துன்புறுத்தினார்"னு பெட்டிஷன் தமிழ்ல பேசினா யார் எழுதிக் குடுத்ததுன்னு புரியறதுக்கு ஜட்ஜுக்கு ஒரு நிமிஷம் போதும். போனை முகத்துக்கு நேரா பிடிச்சு "சொல்லு, அப்பா அடிச்சாரா இல்லையா, சொல்லு"ன்னு எடுக்குற வீடியோவும் அப்படித்தான், அதுல பிள்ளையோட பதிலை விட உங்க குரல்தான் சத்தமா கேக்கும்.

இதுலயே ரொம்ப மோசமானது கஸ்டடிக்காக பொய்யா போக்சோ (பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) புகார் குடுக்கறது. உண்மையிலயே பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க, கேஸ் என்ன ஆகும்னு பாக்காதீங்க, 1098க்கு கூப்பிடுங்க, போலீஸுக்குப் போங்க. நடக்காததை நடந்ததா சொன்னா அந்த பிள்ளை போலீஸ் கிட்டயும், டாக்டர் கிட்டயும், மாஜிஸ்ட்ரேட் கிட்டயும் அசிங்கமான ஒரு கதையைத் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டி வரும், சொந்த அப்பாவைப் பத்தி. பொய்ப் புகார் குடுக்குற பெரியவங்களுக்கு அந்த சட்டத்தோட 22வது பிரிவுல தண்டனையும் இருக்கு.

வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு ஒரு விஷயம். லீவுக்குன்னு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து இங்கயே தங்கிட்டா அங்க இருக்க கோர்ட் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நம்பாதீங்க. பிள்ளைங்களைத் திருப்பி அனுப்புறது பத்தின 1980 ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரல, அது உண்மைதான். ஆனா இங்கிலாந்துல இருந்து ரெண்டு பொண்ணுங்களை கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டு வந்த சூர்யா வதனன் கேஸ்ல திரும்பிப் போகணும்னு 2015ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2017ல நித்யா ஆனந்த் ராகவன் கேஸ்ல வெளிநாட்டு ஆர்டர் ஒரு காரணம் மட்டும்தான், பிள்ளை நலன்தான் முதல்லன்னு மூணு ஜட்ஜ் பெஞ்ச் தீர்ப்பு குடுத்தாங்க. எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டியே யாரும் உறுதியா சொல்ல முடியாது, அந்த நாட்டுல கடத்தல் கேஸ் பதிவாகிட்டா நீங்க திரும்ப அங்க காலடி வைக்கறதே கஷ்டம்.

கடைசியா, சமாதானமா போறவங்க பண்ற தப்பு. பரஸ்பர சம்மதத்துல டைவர்ஸ் வாங்குற அவசரத்துல "அப்பா குழந்தையை அவ்வப்போது பார்க்கலாம்"னு ஒரே வரி எழுதிட்டு கையெழுத்துப் போட்டுடறாங்க, ஆறு மாசத்துல அந்த "அவ்வப்போது"தான் அடுத்த கேஸ். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வந்து கூட்டிட்டுப் போகணும், யார் திரும்பக் கொண்டு விடணும், பொங்கல் யார் வீட்டுல, தீபாவளி யார் வீட்டுல, மே மாச லீவுல எத்தனை நாள், பிறந்தநாள் எப்படி, ஸ்கூல் பீஸ் யாரு, ஆஸ்பத்திரி செலவு யாரு, பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேரும் எப்போ கையெழுத்துப் போடணும், ஊர் மாறணும்னா எவ்வளவு முன்னாடி சொல்லணும், எல்லாத்தையும் மெமோவுல (கோர்ட்ல குடுக்குற சமாதான ஒப்பந்தத்துல) எழுதுங்க. பிள்ளை வளர வளர தேவை மாறும், கஸ்டடி ஆர்டரும் கல்லுல வெட்டினது கிடையாது, நிலைமை மாறினா அதே கோர்ட்ல மனு போட்டு மாத்திக்கலாம், அதனால இன்னிக்கு மூணு வயசுப் பிள்ளைக்கு எழுதுறதை பத்தாவது படிக்கிற வரைக்கும் இழுக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க.