ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஏன் நின்றது? பேக்கேஜ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டி, தரமணி பக்கம் ஆய்வு மாணவர்களோடு டீக்கடையில் நின்றால் ஒரு புலம்பல் தவறாமல் காதில் விழும்: "போன மாசம் ஓடின புரோகிராம் இப்ப ஓடல, நான் எதையும் தொடவே இல்ல." அவர்கள் சொல்வது உண்மைதான். புரோகிராமைத் தொட்டிருக்க மாட்டார்கள். பைதான் மொழியில் எழுதிய புரோகிராம் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை, நம்பித்தான் ஓடும். வேறு வேலைக்காக இன்ஸ்டால் செய்த ஏதோ ஒரு பேக்கேஜ், கூடவே நம்பை என்ற எண்கணக்கு பேக்கேஜின் வெர்ஷனையும் மாற்றியிருக்கும்.

எனக்கும் இது நடந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் பெய்த மழையை, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 டிகிரி கட்டத் தரவை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். டாக்டரல் கமிட்டி கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரே ஒரு வரைபடத்தை மறுபடி வரைய வேண்டியிருந்தது. தரவுக் கோப்பைத் திறக்கும் வரியிலேயே புரோகிராம் நின்றுவிட்டது. இடையில் மெஷின் லேர்னிங் பழகுவதற்காக அதே என்விரான்மென்ட்டில் (பைதானும் பேக்கேஜ்களும் சேர்ந்திருக்கும் தனி இடம்) நான் போட்ட பேக்கேஜ்தான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின.

எல்லா வேலைக்கும் ஒரே என்விரான்மென்ட் வைத்திருந்ததுதான் என் தவறு. பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்து என்விரான்மென்ட்களையும் கட்டித் தரும் கோண்டா என்ற கருவியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதோடு வரும் பேஸ் என்விரான்மென்ட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் வந்த நம்பை 1.24, சில பழைய பெயர்களை நீக்கியது. 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 (அட்டவணைத் தரவுக்கான பேக்கேஜ்), அட்டவணையில் வரிசைகளைச் சேர்க்க உதவிய டேட்டாஃப்ரேமின் அப்பெண்டை எடுத்துவிட்டது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய 1 வரிசை வெர்ஷன்களை வைத்து கம்பைல் செய்த பல பேக்கேஜ்கள் அதோடு ஓட மறுத்தன. ஒரு புராஜெக்ட்டுக்குப் புதியது வேண்டும், இன்னொன்றுக்குப் பழையது வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஆகவே புராஜெக்ட்டுக்கு ஒரு என்விரான்மென்ட். இடம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஒரே டிஸ்க்கில் இருந்தால் கோண்டா பெரும்பாலான கோப்புகளைப் பிரதி எடுக்காமல் பகிர்ந்துதான் வைக்கும்.

உபுண்டுவோடு (ஒரு லினக்ஸ் சிஸ்டம்) வரும் பைதானில் சூடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோடு, பைதானின் பேக்கேஜ் இன்ஸ்டாலரான பிப்பை ஓட்டுவது அடுத்த தவறு. அந்தப் பைதான் உங்களுக்காக வைத்தது இல்லை. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன. உபுண்டு 23.04 முதல் பிப்பே இதைத் தடுக்கிறது. தடையை மீற ஒரு ஆப்ஷன் உண்டு. 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்பதே அதன் பெயர். அதையும் தேடிப் பிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கோண்டாவையும் பிப்பையும் கலப்பதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். பிப்பில் வரும் பேக்கேஜ் பல சமயம் தனக்கு வேண்டிய சி லைப்ரரிகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். கோண்டாவிலோ எச்டிஎஃப்5 (தரவுக் கோப்புகளைப் படிப்பது), ஜிடால் (நிலவரைபடத் தரவைப் படிப்பது) போன்ற லைப்ரரிகள் பொதுவாக ஒரு பிரதிதான் இருக்கும், எல்லா பேக்கேஜும் அதைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டையும் கண்டபடி கலந்தால் ஒரே புரோகிராமுக்குள் இரண்டு எச்டிஎஃப்5 ஏறி, சரியான எரர் மெசேஜ்கூட இல்லாமல் அப்படியே விழுந்துவிடலாம். முதலில் கோண்டாவில் கிடைப்பதையெல்லாம் கோண்டாவில் போடுங்கள். கிடைக்காததை மட்டும் கடைசியில் பிப்பில் போடுங்கள். அப்புறம் அந்த என்விரான்மென்ட்டில் கோண்டாவைத் தொடாதீர்கள். புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் முதலிலிருந்து கட்டுவதே நல்லது.

இதைவிட மறைவான ஒன்று உண்டு. எப்போதோ பிப்பில் யூசர் ஆப்ஷனோடு போட்ட பேக்கேஜ்கள் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் லோக்கல் என்ற மறைவான ஃபோல்டரில் கிடக்கும். பைதான் வெர்ஷன் ஒன்றாக இருந்தால் கோண்டா என்விரான்மென்ட் அவற்றையும் எடுத்துக்கொள்ளும், அதுவும் தன் பேக்கேஜ்களுக்கு முன்னால். கிளஸ்டரில் (பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டர் தொகுதி) ஜாப் போடுகிறவர்கள் இதில் நாள்கணக்கில் அலைகிறார்கள். பேக்கேஜ் எந்த ஃபோல்டரிலிருந்து வருகிறது என்று பைதானிடமே அச்சிட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்விரான்மென்ட் ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு நண்பருக்குக் கொடுப்பதும் பயன்படாது, உள்ளே பல இடங்களில் உங்கள் கம்ப்யூட்டரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். ஓஎம்ஆரில் பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அனகோண்டா நிறுவனத்தின் இயல்பான சேனல் (கோண்டா பேக்கேஜ்களை இறக்கும் இடம்) எல்லாருக்கும் இலவசம் இல்லை, பெரிய நிறுவனங்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். மினிஃபோர்ஜ் என்ற இன்ஸ்டாலரைப் போட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் கோண்டா-ஃபோர்ஜ் சேனலிலிருந்தே எல்லாம் வரும்.

சரி, கொடுக்க வேண்டியது எது? கோப்பு. நீங்களே கேட்டு வாங்கிய பேக்கேஜ்களை மட்டும் எழுதிய சின்னக் கோப்பு ஒன்று, எல்லா வெர்ஷனும் எண்ணோடு பதிந்த பெரிய கோப்பு ஒன்று. முதலாவது விண்டோஸ் லேப்டாப்பிலும் லினக்ஸ் கிளஸ்டரிலும் உதவும். இரண்டாவது, கட்டுரையில் வந்த அதே எண்களைத் திரும்பப் பெற உதவும். இரண்டையும் புரோகிராமோடு சேர்த்தே கிட்டில் (புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வையுங்கள்.

கோப்பு சரியா என்று பார்க்க ஒரே வழி, அதை மட்டும் வைத்துப் புதிய என்விரான்மென்ட் கட்டி ஓட்டிப் பார்ப்பது. மழை வேலையை ஒப்படைக்கும் முன் நான் அப்படிச் செய்தேன். கோப்பில் எழுதாமல் விட்ட இரண்டு பேக்கேஜ்கள் அன்றைக்குத்தான் தெரியவந்தன.