வாரிசாக வந்தவர் காரியஸ்தர் ஆகும் வழி

தஞ்சாவூர்ச் சீமையின் பெரிய பண்ணைகளில் மிராசுதாருக்குக் கீழே காரியஸ்தர் என்று ஒருவர் இருப்பார். நிலம் மிராசுதாரின் பெயரில் இருக்கும். ஆனால் எந்தக் குத்தகைதாரர் எத்தனை கலம் பாக்கி, எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதெல்லாம் காரியஸ்தருக்குத்தான் தெரியும். முன்னோர் விட்டுச்சென்ற கடைகளையும் மனைகளையும் நன்செய்யையும் கொண்டு தொழில் நடத்த நினைக்கும் இன்றைய வாரிசு, மிராசுதாரின் நாற்காலியிலிருந்து இறங்கி அந்தக் காரியஸ்தரின் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கும்பகோணத்தில் ஆறு கடைகள், ஒரு சிறிய லாட்ஜ், பாபநாசத்துக்கு அருகே ஒரு வேலி நன்செய் ஆகியவற்றை அக்காவுக்கும் வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கும் சேர்த்து நான் பதினோரு ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் எதையும் மாற்றக் கூடாது. தந்தையின் காரியம் முடிந்த கையோடு கடைக்காரர்களைக் கூட்டி வாடகையை உயர்த்துவதாக அறிவிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு அந்தக் கடைகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதே அப்போது தெரியாது. அந்த மூன்று மாதத்தையும் காகிதத்துக்குக் கொடுங்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெறுவதோடு தொடங்கி, ஒவ்வொரு சொத்துக்கும் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றையும், நகரத்துச் சொத்தாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் தனித்தனிக் கோப்பாகச் சேர்க்க வேண்டும். வில்லங்க விவரம் இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். பழைய பத்திரங்கள் குழியிலும் மாவிலும் பேசும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். இந்தக் கணக்கைப் பட்டாவிலுள்ள ஹெக்டேர், ஏர் கணக்கோடு ஒப்பிட்டால், பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளி வெட்டியதெல்லாம் வெளியே வரும்.

எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றையும்விட உதவியது அப்பாவின் வாடகை நோட்டுதான். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு அது. ஒரு பக்கத்துக்கு ஒரு கடை. மூன்றாம் கடையின் பக்கத்தில் வாடகைத் தொகைக்கு மேலே பென்சிலால் “ப.” என்று மட்டும் எழுதியிருந்தார். பாக்கி என்று நினைத்து, நான் அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படாமல் உள்ளே போய், ஒரு கோயிலின் முத்திரையிட்ட ரசீதுக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அது பகுதிப் பணம், அதாவது அடிமனைக்காகக் கோயிலுக்குக் கட்டும் வாடகை. கட்டடம் எங்களுடையது, அடிமனை கோயிலுடையது. அப்பா அந்தப் பணத்தை அவர் வழியாகவே கட்டி வந்திருக்கிறார்.

டெல்டாவின் கோயில் நகரங்களில் இந்த நிலை அபூர்வமன்று. கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் உரிய மனையில் தலைமுறைகளாக வீடும் கடையும் கட்டி வாழ்வோர் ஏராளம். அத்தகைய சொத்தில் உங்களுக்கு வந்திருப்பது கட்டடமும் பகுதி கட்டும் கடமையும் மட்டுமே, மண் உங்களுடையதன்று. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், அந்த மனையை நம்பி வங்கிக் கடனோ மாடி கட்டும் திட்டமோ போடுவது வீண். ஆகவே கோயில் மனைகளைத் தனிப் பட்டியலாக எழுதி, தொழில் திட்டத்திலிருந்து முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

அடுத்தது பங்கு. இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. பாட்டி உயிருடன் இருப்பதை மறந்து எழுதப்பட்ட பாகப்பிரிவினைகள் பின்னால் வழக்காகி நிற்கின்றன. பூர்விகச் சொத்தில் மகள்களுக்கான உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்போது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. “அக்காவுக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. என்னைக் கேட்டால் வீட்டிலும் இடமிருக்கக் கூடாது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வாரிசுரிமைச் சட்டம் வேறு.

பங்கு தெளிவான பிறகு, எல்லாவற்றையும் ஒரு கம்பெனியின் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று தணிக்கையாளர் ஒருவர் எங்களுக்கு யோசனை சொன்னார். விற்பனையாகப் பதிந்தால், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்குச் செலவு அதில் சிறு பகுதிதான். எனவே சொத்து அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். நிர்வாகம் மட்டும் ஒரு கையில், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தின்படி இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிடச் செய்து, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கொடுத்தவர் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் அன்றோடு முடிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிர்வாகி சம்பளம் வாங்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சம்பளம் வாங்காதவர், நாளடைவில் வாடகைப் பணத்தில் வீட்டு மளிகைக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் எடுக்கத் தொடங்குகிறார். உடன்பிறந்தார் கணக்குக் கேட்கும்போது, “இத்தனை வருஷம் ஓடி ஓடிப் பார்த்தேனே” என்ற பதில்தான் மிஞ்சுகிறது. சொத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, எனக்கு மாதச் சம்பளம், பழுதுபார்ப்புக்கு ஒதுக்கீடு, மீதியைப் பங்குப்படி பிரிப்பது என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். ஆடிப்பெருக்கு அன்று அக்கா ஊருக்கு வருவார். சாப்பாட்டுக்கு முன்பே, காணொளியில் தம்பியையும் அழைத்து, ஆண்டுக் கணக்கை வரிவரியாகப் படிக்கிறேன். முதல் ஆண்டு அக்கா எழுப்பிய கேள்விகள் எனக்கு எரிச்சலூட்டின. இரண்டாம் ஆண்டிலிருந்து அவற்றுக்குப் பயந்தே ரசீதுகளை ஒழுங்காக வைத்திருக்கிறேன்.

வாரிசாக வந்து பெரிய நிர்வாகியானவர்களில் டி.எல்.எஃப். நிறுவனத்தின் கே.பி. சிங் கவனிக்கத்தக்கவர். அவருடைய மாமனார் சௌத்ரி ராகவேந்திர சிங் 1946இல் தொடங்கி டெல்லியில் பல குடியிருப்புகளை உருவாக்கிய நிறுவனம் அது. 1957இல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்து தனியார் மனைத் தொழிலுக்கு அங்கே கதவு அடைபட்டது. இராணுவ அதிகாரியாக இருந்த மருமகன் 1960இல் மாமனார் குடும்பத்தின் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர்களுடைய பழைய தொழில் அடங்கிப்போயிருந்தது. பின்னாளில் அவர் குர்கான் கிராமங்களில் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி நிலம் வாங்கினார். விற்ற விவசாயிகளே அந்தப் பணத்தை வட்டிக்கு அவரிடம் கொடுத்து வைத்தார்கள். தேதி தவறாமல் கணக்குத் தீர்ப்பவரிடம் மட்டுமே அப்படிப் பணம் திரும்பி வரும்.

நம் ஊரில் அந்த நம்பிக்கை முதலில் சோதிக்கப்படுவது குத்தகை நிலத்தில். சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது; 1969ஆம் ஆண்டின் சட்டப்படி குத்தகை உரிமை தனிப் பதிவேட்டில் ஏறியிருக்கலாம். தன் உடலுழைப்பால் பயிரிடுபவரையும், அவருக்குப் பின் அவ்வாறே பயிரிடும் அவருடைய வாரிசையும் வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. எங்கள் நிலத்தில் மூன்று தலைமுறையாகப் பயிரிடும் குடும்பம் இருக்கிறது. நான் அவர்களுக்கு ரசீது கொடுக்கத் தொடங்கினேன், பாக்கி குறைந்தது. நன்செய்யை மனையாக்கி விற்கும் ஆசைக்கு ஆட்சியரின் அனுமதியும் நகர் ஊரமைப்பு ஒப்புதலும் தேவை. 500 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகி, வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். வடிகாலை மூடி எழும்பும் நகர்கள் கார்த்திகை மழையில் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைகளுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை உயர்வைச் சிறு சிறு படிகளாக அதிலேயே எழுதிவிட்டால் ஆண்டுதோறும் வாக்குவாதம் இருக்காது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் வணிக வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, தாண்டுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள்.

லாட்ஜுக்குப் பஞ்சாங்கமே வரவு செலவுத் திட்டம். நவக்கிரகக் கோயில்களுக்கு வருவோரால் ஆண்டு முழுவதும் ஓரளவு அறை நிரம்பும். முகூர்த்த மாதங்களில் திருமண வீட்டாரும் வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லாததால் வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் அப்போதுதான். கடந்த மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது. அடுத்தது 2028இல் வருகிறது. அந்த வாரத்தின் வாடகையை எண்ணிக் கடன் வாங்கி மாடி எழுப்பத் துடிப்பவர்கள், மீதிப் பன்னிரண்டு ஆண்டும் அந்த அறைகளில் யார் தங்குவார்கள் என்று கணக்குப் போட வேண்டும். நாங்கள் மாடி கட்டவில்லை. இருக்கும் பதினான்கு அறைகளின் மின்கம்பிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டும் மாற்றுவதாக ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். அதற்கான தொகையை அக்கா இரண்டு முறை குறைத்த பிறகே கையெழுத்திட்டார்.