வால்நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியுமா, எப்படி கணிக்கிறது?

"மேக்னிட்யூட் 5, வெறும் கண்ணாலயே பாக்கலாம்"னு நியூஸ்ல போட்டா உடனே நம்பி மொட்டைமாடிக்கு ஓடாதீங்க. மேக்னிட்யூட்னா பிரகாசத்தோட அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் ஜாஸ்தி. நட்சத்திரம்னா ஒரு புள்ளி, ஆனா வால்நட்சத்திரத்தோட வெளிச்சம் பஞ்சு மாதிரி பரவிக் கெடக்கும், அதனால 5-னு சொன்னாலும் டவுன் லைட்டுக்கு நடுவுல சுத்தமா தெரியாது.

கணக்கு என்னன்னா, சூரியன்ல இருந்து இருக்கிற தூரம் பாதியாச்சுன்னா பொதுவா 16 மடங்கு, அதாவது 3 மேக்னிட்யூட் பிரகாசம் கூடும், பூமிக்கு உள்ள தூரம் பாதியானா 4 மடங்கு. ஆனா இது சராசரிதான். 2013-ல ஐசான்ங்கற வால்நட்சத்திரம் மேல எவ்ளோ நம்பிக்கை வச்சிருந்தோம், நவம்பர் 28 சூரியனை ஒட்டிப் போனப்ப சிதறிப்போச்சு. 2024 அக்டோபர்ல சுசின்ஷான்-அட்லஸ் நேர்மாறு, சூரியனுக்கும் நமக்கும் நடுவுல வந்தப்ப அதோட தூசி வெளிச்சத்த நம்ம பக்கம் சிதறடிச்சு எகிறிடுச்சு.

பாக்கறதுக்கு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) போதும். நிலா இல்லாத ராத்திரி, 20 நிமிஷம் கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், போனைத் தொடவே தொடாதீங்க. நேரா முறைக்காம கொஞ்சம் ஓரமா பாருங்க, சாம்பல் புகை மாதிரி பட்டுனு தெரியும், அந்த நிமிஷம் உடம்பே சிலிர்க்கும்!

பிரகாசம் அளக்கணும்னா, வால்நட்சத்திரத்தோட தலை எவ்ளோ வெளிச்சம்னு மனசுல பதிச்சுக்கிட்டு, மேக்னிட்யூட் தெரிஞ்ச ஒரு நட்சத்திரத்த ஃபோகஸ் கலைச்சு அதே சைஸுக்கு பெருசாக்கி ஒப்பிடுங்க. ரெண்டும் வானத்துல ஒரே உயரத்துல இருக்கணும், அடிவானத்துகிட்ட காத்தே வெளிச்சத்த முழுங்கிடும். தேதி, நேரம், எந்த பைனாகுலர்னு அப்பவே நோட்ல எழுதிடுங்க.