டைட்டானியம்-சஃபயர் லேசரில் பெம்டோவினாடித் துடிப்புகளை உருவாக்கும் முறை

லேசர் குழியின் இரு முனை ஆடிகளுக்கிடையே ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான அதிர்வு முறைகள் இயங்கக்கூடும். அவற்றின் கட்டங்கள் (அலைகளின் ஏற்ற இறக்க நிலைகள்) தொடர்பற்றிருந்தால் ஒளி ஒழுங்கின்றி ஏறி இறங்கும். கட்டங்கள் பூட்டப்பட்டால் அதே ஆற்றல் மிகக் குறுகிய ஒரு துடிப்பாகத் திரளும். இதுவே மோட் லாக்கிங். துடிப்பு குறுகக் குறுக நிறமாலை அகல வேண்டும்: 800 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 பெம்டோவினாடித் (ஒரு பெம்டோவினாடி என்பது வினாடியின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) துடிப்புக்கு ஏறத்தாழ 67 நானோமீட்டர் அகலம் தேவை. 650 முதல் 1100 நானோமீட்டர் வரை ஒளியைப் பெருக்கும் டைட்டானியம்-சஃபயர் படிகம் இதற்கு மிகப் பொருத்தமானது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்ஸ், கீன், சிபெட் ஆகியோர் 1991-இல் இப்படிகத்திலிருந்து 60 பெம்டோவினாடித் துடிப்புகளைப் பெற்ற வழியையே இங்கு பின்பற்றுகிறோம்.

தொடங்கும் முன் உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகவே தெரியும்; ஆனால் விழித்திரையை நொடிப்பொழுதில் எரித்துவிடும்.

முதற்படியாக, முப்பட்டகங்கள் இல்லாமலேயே லேசரைத் தொடர்ச்சியாக ஒளிர வையுங்கள். புரூஸ்டர் கோணத்தில் (எதிரொளிப்பு இழப்பு மிகக் குறையும் சாய்வில்) வெட்டிய சில மில்லிமீட்டர் நீளப் படிகத்தை இரு குழியாடிகளுக்கு (உட்புறம் வளைந்த ஆடிகளுக்கு) நடுவே வைத்து, 532 நானோமீட்டர் பச்சை லேசரின் சுமார் 5 வாட் ஒளியை அதற்குள் குவிக்க வேண்டும். குழியின் மொத்த நீளம் 1.9 மீட்டரை ஒட்டி இருந்தால் துடிப்புகள் வினாடிக்கு சுமார் 8 கோடி முறை வெளிவரும். திறன் உச்சத்தை எட்டி, கற்றை வட்டமாகத் தெரியும்வரை அடுத்த படிக்குச் செல்லாதீர்கள். பின்னர் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்குக் காட்டிய அவசரத்தின் விளைவுகளே.

அடுத்தது நிறப்பிரிகையை, அதாவது நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதை, ஈடுசெய்தல். 800 நானோமீட்டருக்கருகே படிகத்திற்குள் சிவப்புக் கூறுகள் நீலக் கூறுகளை முந்துவதால் துடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் நீள்கிறது. குழியின் ஒரு கையில் (குழியாடிக்கும் முனை ஆடிக்கும் இடைப்பட்ட பாதையில்) ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு சிலிக்கா முப்பட்டகங்களைப் பொருத்தினால் இதற்கு நேரெதிரான, நீலக் கூறுகளை முந்தவைக்கும் எதிர்மறை நிறப்பிரிகை கிடைக்கும். முப்பட்டகத்தைக் கற்றைக்குள் சற்றே தள்ளுவதும் இழுப்பதுமே உங்கள் நுண்சீரமைப்பு.

மூன்றாம் படியே இம்முறையின் உயிர்நாடி. செறிவு மிகுந்த ஒளி படிகத்தின் ஒளிவிலகல் எண்ணைச் சிறிது உயர்த்துவதால் (இது கெர் விளைவு) படிகமே வில்லையாகிக் கற்றையைச் சுருக்குகிறது. ஒரு குழியாடியை நுண்திருகால் மெல்ல நகர்த்திக் குழியை நிலைத்தன்மையின் விளிம்புக்கு (கற்றை குழிக்குள் நிலைத்து ஓடக்கூடிய எல்லைக்கு) கொண்டுசென்று, முனை ஆடிக்கருகே ஒளி கடக்கும் ஒரு குறுகிய பிளவை வைத்தால், துடிப்பின் சுருங்கிய கற்றை இழப்பின்றிக் கடக்கும். தொடர் ஒளியின் அகன்ற கற்றை வெட்டுப்படும். இவ்வாறு குழியே துடிப்பைத் தேர்ந்தெடுக்கிறது. தொடர் ஒளியின் திறன் உச்சத்திலிருந்து குறைவதைக் கண்டு அஞ்சி ஆடியைத் திரும்ப நகர்த்திவிடாதீர்கள். அந்த விளிம்பே நமக்கு வேண்டும்.

இம்முறை பெரும்பாலும் தானாகத் தொடங்காது. ஒரு முப்பட்டகத்தை அதன் தாங்கியோடு சட்டென்று நகர்த்தி விடுங்கள். நிறமாலைமானியில் ஊசி போன்ற கோடு திடீரென்று அகன்ற மேடாக மாறினால் லேசர் பூட்டிக்கொண்டது. மேட்டின் மீது கூர்முனை எஞ்சியிருந்தால் தொடர் ஒளியும் கலந்திருக்கிறது. பிளவைச் சற்றுக் குறுக்குங்கள் அல்லது பச்சை ஒளியின் திறனைக் குறையுங்கள்.

எந்த ஒளி டையோடும் இத்தனை குறுகிய காலத்தை அளக்காது. எனவே துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதித்து மீண்டும் சந்திக்கவைக்கும் ஆட்டோகோரிலேட்டரில் கிடைக்கும் அகலத்தை, துடிப்பின் வடிவம் செக்-வர்க்கம் (sech² என்னும் மணி போன்ற வளைவு) எனக் கொண்டு, 1.54-ஆல் வகுக்க வேண்டும். துடிப்பு குழிக்கு வெளியே வந்த பிறகும் வழியிலுள்ள கண்ணாடிப் பொருள் தன் வேலையைக் காட்டும்: 10 பெம்டோவினாடித் துடிப்பு 5 மில்லிமீட்டர் சிலிக்காவைக் கடந்தாலே சுமார் 50 பெம்டோவினாடியாக நீண்டுவிடும். ஆகவே வழியிலுள்ள வில்லைகளின் தடிமனைக் கூட்டிக் கணக்கிட்டு, அதற்கேற்ப இன்னொரு முப்பட்டக இணையை வெளியே அமையுங்கள்.