பெரிய பஸ்ஸின் பவர் ஸ்டியரிங்: புது ஓட்டுநர்களுக்கான செய்முறை விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இப்போது நிறைய தம்பிகள் பஸ் ஓட்ட வருகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் பழகிய கைகள். பிஎஸ்வி லைசன் (பயணிகள் வண்டி ஓட்டும் உரிமம்) எடுத்து, 12 மீட்டர் நீளக் கோச்சில் முதல்முறை உட்காரும்போது பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்னண்ணே, இவ்வளவு பெரிய வண்டி இப்படி லேசா திரும்புது?"

அந்த லேசைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆள் நிறைந்த கோச்சின் முன் அச்சில் ஆறேழு டன் பாரம் உட்கார்ந்திருக்கும். அதைத் திருப்புவது உங்கள் கை இல்லை. ஆயில் அழுத்தம் திருப்புகிறது; புது வண்டிகளில் கூடவே ஒரு மின் மோட்டாரும் சேர்ந்துகொள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. முன் டயரில் காற்று குறைந்தாலும், பால் ஜாயிண்ட் (ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கும் உருண்டை மூட்டு) தேய்ந்தாலும், அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகினாலும், அந்த உதவி எல்லாவற்றையும் ஈடுகட்டி உங்கள் கைக்குத் தெரியாமல் செய்துவிடும். ஸ்டியரிங் லேசாக இருப்பதை வைத்து வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கைக்குத் தெரியாததைக் கண்ணாலும் காதாலும் தேடிப் பிடிக்க வேண்டும். கீழே சொல்லப்போவது அதற்கான வழிதான்.

முதலில்: உங்கள் வண்டியில் இருப்பது எது?

சாதாரண ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்தான் நம் ஊர்ப் பக்கம் அதிகம். எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு ஆயிலை அழுத்தி, ஓட்டுநர் காலடிக்குக் கீழே இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினால் பாக்ஸுக்குள் ஒரு மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் ஒரு வால்வு திறந்து, ஆயில் எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ளும். கோச்சில் எஞ்சின் பின்னால் இருப்பதால் பம்பும் பின்னால்தான். பாக்ஸோ முன்னால். இடையில் வண்டியின் நீளத்துக்கு ஆயில் குழாய் ஓடுகிறது என்பதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது வகை, அதே ஹைட்ராலிக் பாக்ஸின் மேல் மின் மோட்டார் பொருத்தியது. வோல்வோ 2013இல் லாரிகளுக்குக் கொண்டுவந்து, பிறகு பஸ்களுக்கும் கொடுத்த டைனமிக் ஸ்டியரிங் இந்த வகை. அந்த மோட்டாரின் விசையை நொடிக்கு 2,000 தடவை கணினி சரிசெய்கிறது. பக்கவாட்டுக் காற்று, சாய்வான சாலை, மேடுபள்ளத்தில் வரும் உதறல் எல்லாம் கைக்கு வந்து சேர்வதற்குள் அடங்கிவிடும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் வளையம் தானாக நேருக்கு வரும்.

மூன்றாவது, முன் கண்ணாடியில் உள்ள கேமரா சாலைக் கோட்டைப் பார்த்து, வண்டி விலகினால் வளையத்தை மெதுவாகத் திருப்பிவிடும் அமைப்பு. சில வண்டிகளில் எச்சரிக்கை ஒலி மட்டும்தான் வரும், வளையம் திரும்பாது. உங்கள் வண்டி எதைச் செய்யும் என்று கையேட்டைப் பார்த்தோ போர்மேனை (பட்டறை மேற்பார்வையாளரை) கேட்டோ தெரிந்துகொண்ட பிறகு கிளம்புங்கள். ஒலி மட்டும் எழுப்பும் வண்டியைத் தானாகத் திருப்பும் வண்டி என்று நினைத்து நம்பியிருந்தால் சாலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

காலையில், எஞ்சினை முடுக்கும் முன்

பின்பக்க எஞ்சின் கதவைத் திறங்கள். பவர் ஸ்டியரிங் ஆயில் டாங்கி சிறியதாக இருக்கும். அளவுக் கம்பியோ, கண்ணாடிக் குழாயோ, வெளியிலேயே கோடோ இருக்கும். அளவைப் பாருங்கள். அதோடு விடாமல் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் பாக்ஸுக்கு ஊற்றும்) வகை ஆயில், நல்ல சிவப்பு. பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் ஆயில் சூடேறி வெந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நுரைத்திருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது.

குறைந்திருந்தால் அதே வகை ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். எது என்று டாங்கி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். எஞ்சின் ஆயிலோ பிரேக் ஆயிலோ கையில் இருக்கிறது என்பதற்காக ஊற்றிவிடக் கூடாது. பிரேக் ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும். இன்னொன்று, இது மூடிய சுற்று. ஆயில் எரிந்து தீர்வதில்லை. அடிக்கடி குறைந்தால் கசிகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே ஓட்டுவதில் பிரயோஜனம் இல்லை, கசிவைத் தேடுங்கள்.

தேடும்போது ஒரு கண்டிப்பான விதி: எஞ்சின் ஓடும்போது குழாயைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். உள்ளே 100 பாருக்கு (சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு) மேல் அழுத்தம் ஏறும். ஊசித் துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். விரலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். ஒரு துண்டு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அப்படி யாருக்காவது ஆகிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

தோட்டத்து மண் சாலையில் ஆள் ஏற்றப் போகும் வண்டிகளில், தரைக்கு அடியில் ஓடும் குழாய் சட்டத்தோடு உராயும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கசிந்த இடத்தில் செம்மண் ஒட்டி, ஈரமான திட்டாகப் பிடித்திருக்கும். சுற்றிலும் காய்ந்த புழுதி, நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கறுத்த சேறு. டார்ச்லைட் அடித்தால் தப்பவே தப்பாது.

அப்புறம் முன் டயர் இரண்டிலும் காற்றழுத்தத்தை மீட்டர் வைத்துப் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. இரண்டும் சமமாக இருப்பது முக்கியம். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும்.

பிரேக் காற்று ஏறும் வரை சும்மா உட்காராதீர்கள்

எஞ்சினை முடுக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது வளையத்தை ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் பிடித்ததும் வளையம் கைக்கு இளகிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பம்பு வேலை செய்கிறது.

எஞ்சின் ஓடும்போது ஆயில் அளவை இன்னொரு முறை பாருங்கள். எஞ்சினை நிறுத்தினால் டாங்கியில் அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறுவது சகஜம். அதற்கு மேல் ஏறினால் சுற்றுக்குள் காற்று இருக்கிறது. திருப்பும்போது பம்பு முனகுவதும் அதற்கு ஓர் அடையாளம்.

இப்போது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சின் ஓட, வளையத்தை இடமும் வலமுமாக மெதுவாக அசையுங்கள். டயர் அசையத் தொடங்குவதற்கு முன் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா போகிறது? வளையத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் குறை என்கிறது ஐரோப்பியப் பரிசோதனை விதி. 45 சென்டிமீட்டர் வளையத்துக்கு அது 9 சென்டிமீட்டர். என்னைக் கேட்டால் அவ்வளவு தூரம் காத்திருக்காதீர்கள். உங்கள் வண்டி நன்றாக இருந்த நாளில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்து வைத்து, அதிலிருந்து கூடும்போதே போர்மேனிடம் சொல்லுங்கள்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் வளையத்தைச் சின்னதாக ஆட்ட, மற்றவர் வெளியே சக்கர வளைவுப் பக்கமாகவோ குழியில் நின்றோ பார்க்க வேண்டும். "அண்ணே, இன்னும் மெதுவா ஆட்டுங்க" என்று கீழிருந்து குரல் வரும், அவசரப்படக் கூடாது. ஒரு கம்பி அசைந்து அடுத்த கம்பி அசையாமல் நின்றால், இடையில் உள்ள பால் ஜாயிண்ட்தான் தேய்ந்திருக்கிறது. ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விடும், ஆட்டம் இல்லாவிட்டாலும் அதற்கு ஆயுசு குறைவு.

ஓட்டும்போது

இரண்டு கையும் வளையத்தில், ஒன்பது மணி, மூன்று மணி நிலையில். வளையம் லேசு என்பதால் ஒற்றைக் கையால் உள்ளங்கையை வைத்துச் சுழற்றும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். முன் டயர் திடீரென்று வெடித்தால் அந்த ஒற்றைக் கை போதாது.

நின்ற இடத்திலேயே திருப்பாதீர்கள். வண்டி ஓர் அடி உருளட்டும், அப்புறம் திருப்புங்கள். டயரும் பால் ஜாயிண்டும் பம்பும் நீண்ட நாள் உழைக்கும். கடைசி வரை திருப்பிவிட்டு அங்கேயே அழுத்திப் பிடிப்பதும் கூடாது. அந்த நேரம் பம்பு முழு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆயில் வேகமாகச் சூடேறும். கீச்சென்று ஒலி கேட்டால் ஒரு விரல் அளவு திருப்பிவிடுங்கள், போதும்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலை ஏறும் 59ஆம் எண் சாலையில் கோட்டுக் கேமராவை நம்பவே நம்பாதீர்கள். கொண்டை வளைவில் நீளமான பஸ்ஸை முன்னால் அகலமாக விட்டுத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் உள்பக்கம் ஏறிவிடும். கேமராவுக்கு அது விலகலாகத்தான் தெரியும். பல வண்டிகளில் இந்த உதவி குறைந்த வேகத்தில் வேலையே செய்யாது. சில வண்டிகளில் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். நெடுஞ்சாலையில், பஸ்ஸுக்கு உரிய 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் அதன் உபயோகம். அங்கேயும் கனமழையில் கோடு மறைந்தால், எதிர்வெயில் கண்ணில் அடித்தால், அது பார்வை இழந்துவிடும். தடம் மாறும்போது சிக்னல் போடுங்கள். போடாமல் மாறினால் வளையம் உங்களோடு மல்லுக்கட்டும்.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருள விடுவதை யாராவது டீசல் மிச்சம் என்று சொல்லிக் கொடுத்தால் காதில் வாங்காதீர்கள். எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நிற்கும், எஞ்சின் பிரேக்கும் போய்விடும். மூன்றும் ஒரே நேரத்தில்.

ஓடும்போதே உதவி போய்விட்டால் என்ன ஆகும்? வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும், வண்டி திரும்பும். ஆனால் கல்லாகக் கனக்கும். ஐநாவின் ஆர்79 ஒழுங்குவிதிப்படி, உதவி போன பஸ்ஸை 10 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்குள் திருப்ப 450 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. அதாவது ஏறக்குறைய 45 கிலோவைத் தூக்கும் பலம் வரை தேவைப்படலாம். ஆகவே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, திடீர் பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து, அபாய விளக்கைப் போட்டு, ஓரத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டக் கூடாது. டிப்போ வரை ஓட்டிவந்துவிடு என்று முதலாளி தொலைபேசியில் சொன்னாலும் கூடாது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதே நடைமுறைதான். மஞ்சள் விளக்குக்கு அன்றைக்கே போர்மேனிடம் சொல்லுங்கள்.

பராமரிப்பு

கிரீஸ்தான் முதல் வேலை. கிங் பின்னுக்கு (முன் சக்கரம் திரும்பும் அச்சாணிக்கு) கிரீஸ் அடிக்கும்போது முன் அச்சைத் தூக்கி, பாரம் இல்லாமல் அடித்தால்தான் தாங்கும் பரப்பு முழுக்கப் பரவும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் தெரியும் வரை அடியுங்கள். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்வதைவிடச் சீக்கிரமே அடிப்பது நல்லது.

ஆயிலையும் டாங்கிக்குள் இருக்கும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் காற்றை வெளியேற்ற முன் அச்சைத் தூக்கி, டாங்கி வற்றாமல் ஊற்றிக்கொண்டே, வளையத்தை இரு கடைசிக்கும் மெதுவாகப் பல முறை திருப்ப வேண்டும். டாங்கியில் குமிழி வருவது நிற்கும் வரை. முதல் சில தடவை போர்மேன் பக்கத்தில் இருக்கட்டும்.

மின் மோட்டார் உள்ள வண்டியில் டை ராட் (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி), அலைன்மெண்ட், ஸ்டியரிங் சென்சார் எதைத் தொட்டாலும், கடைசியில் கணினியை இணைத்து நேர் நிலையைப் பதிய வைக்க வேண்டும். முதலில் அலைன்மெண்ட், பிறகுதான் பதிவு. மாற்றிச் செய்தால் கோணலையே நேர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவுக்கும் இதே வேலை உண்டு.

டயர் தேய்மானத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பமாக உரசினால் அலைன்மெண்ட் போயிருக்கிறது. மின் மோட்டார் உள்ள வண்டியில் கை ஒரு பக்க இழுப்பை உணராது, மோட்டார் சமாளித்துவிடும். டயர்தான் காட்டிக்கொடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது பக்கவாட்டு வழுக்கல் (நேராக உருளும்போது முன் சக்கரம் பக்கமாக நழுவும் அளவு) எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். பாஸா ஃபெயிலா என்று பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், போன தடவை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நம் ஆட்களுக்கே உரிய ஒன்று. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைப்போம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் வேப்பிலையும் தோரணமும் தொங்கும். தாராளமாகச் செய்யுங்கள். கேமரா பார்க்கும் இடத்தில் மட்டும் பொட்டும் மாலையும் வேண்டாம், இடது ஓரமாக வையுங்கள். வளையத்தில் வைத்த சந்தனத்தைக் கிளம்பும் முன் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் கை வழுக்கும். சாமி படம் வைப்பதென்றால் டாஷ்போர்டில் பிசின் போட்டு ஒட்டி, எச்சரிக்கை விளக்குகளை மறைக்காமல் வையுங்கள்.