நங்கூரக் கயிற்றைப் பின்னால் கட்டாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக்கில் பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ள ஊத்தான் மெலிந்தாங் படகுத்துறையில், தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் பிடிக்கப் புறப்பட்டார்கள். தூண்டில், உம்புன்-உம்புன் புழு, சோற்றுப் பொட்டலம் எல்லாம் சரி. நங்கூரக் கயிறு மட்டும் எஞ்சின் பக்கத்து வளையத்தில் கட்டியிருந்தது. நானே இறங்கி அவிழ்த்து முன்னால் கட்டினேன். "அண்ணே, பின்னால கட்டினா உட்கார்ந்த இடத்திலேயே போடலாமே" என்றான் ஒருவன். 22 வயதில் நானும் இதையேதான் சொன்னேன்.

மிதவைச் சட்டை, பெட்ரோல் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, துறையில் நான் பார்க்கும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் இறங்குவது

நம் ஊர்ப் பக்கம் பெர்னாம் இரண்டு திசையிலும் ஓடும். கடல் ஏறினால் மேல்நோக்கி, இறங்கினால் கீழ்நோக்கி. ஏறுகிற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கடுமையாக இருக்கும். அஷ்டமி வாக்கில் தணியும். இழுப்பு இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஆற்றின் மேற்பகுதியில், தஞ்சோங் மாலிம் மலைப்பக்கம் மழை கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே கட்டைகள் மிதந்து வரும்.

நங்கூரத்தைப் பின்னால் கட்டுவது

அந்த 22 வயதில், பௌர்ணமிக்கு மறுநாள், தண்ணீர் இறங்குகிற நேரம். 14 அடி ஃபைபர் படகு, 15 குதிரைத்திறன் எஞ்சின். நானும் மச்சானும். பின்னால் உட்கார்ந்தபடியே நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை அங்கேயே முடிந்தேன். கயிறு விறைத்ததும் படகின் பின்பக்கம் நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பியது. எஞ்சினுக்குக் கீழே தண்ணீர் குவிந்து பலகையின் விளிம்புக்கு வந்தது. ஒரு நாக்கு உள்ளே விழுந்தது. அடுத்தது கணுக்கால் நனைய வந்தது. கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட வரவில்லை. கத்தி வாளிக்கு அடியில் கிடந்தது. மச்சான் அதைத் தேடி எடுப்பதற்குள் படகு போய்விட்டது. கரையோர நிப்பாப் பனை மட்டையைப் பிடித்துத்தான் இருவரும் கரையேறினோம். எஞ்சின் கிடைக்கவே இல்லை. அதற்காகப் பத்து மாதம் ஓவர்டைம் செய்திருந்தேன்.

காரணம் இதுதான். படகின் மூக்கு உயரமாக, கூராக இருக்கும், தண்ணீரைப் பிளக்கும். பின்பக்கமோ தட்டைப் பலகை. எஞ்சின் மாட்டுவதற்காகத் தாழ்த்தி வெட்டியது. எஞ்சின் கனமும் ஆள் கனமும் அங்கேதான். போதாததற்குக் கயிறும் அதையே கீழே இழுக்கிறது. தாழத் தாழ நீரோட்டம் இன்னும் இறுகப் பிடிக்கும். பக்கவாட்டில் கட்டுவதும் இதே கதைதான். இத்தனை பேர் சொல்லியும் துறையில் இதை வாராவாரம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

மூக்கிலேயே கட்டுங்கள். கயிற்று முனையில் காலி எண்ணெய் டின் ஒன்றை மிதவையாகக் கட்டிவிட்டால், ஆபத்தில் கயிற்றை அப்படியே கழற்றி விட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி எப்போதும் கைக்கெட்டும் உயரத்தில், உறையோடு தொங்கட்டும்.

கயிற்றில் கஞ்சத்தனம்

ஆழம் 4 மீட்டர் என்றால் கயிறு குறைந்தது 20 மீட்டர் விடுங்கள். குட்டைக் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும், சேற்றில் பிடிக்காது. பிடித்துவிட்டாலோ, தண்ணீர் ஏறும்போது மூக்கை உள்ளே அழுத்தும்.

சிக்கிய நங்கூரத்தோடு மல்லுக்கட்டுவது

மெதுவாக எதிர்த்து ஏறி, நங்கூரத்தைத் தாண்டிப் போய், மறுபக்கமிருந்து இழுங்கள். கயிறு அப்போதும் மூக்கில்தான். வரவில்லையா, அறுத்துவிடுங்கள். வளைத்த கம்பிதானே.

நின்றுகொண்டு மீனை இழுப்பது

உட்காருங்கள்.

ஓட்டத்தோடு வந்து துறையில் ஒட்டுவது

துறையைத் தாண்டிப் போய்த் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து வாருங்கள். படகு நின்ற இடத்திலேயே நிற்கிற அளவுக்கு எஞ்சினை வைத்து, மூக்கைக் கொஞ்சம் துறைப் பக்கம் சாயுங்கள். தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சாய்ந்த மரத்தில் மோதும்போது எதிர்ப்பக்கம் சாய்வது

எஞ்சின் நின்று, படகு குறுக்காக மரத்தில் ஒட்டினால், பயத்தில் எல்லாரும் மரத்தை விட்டு விலகிச் சாய்வார்கள். அந்தப் பக்கம்தான் தண்ணீர் வருகிறது. விளிம்பு தாழ்ந்ததும் படகு நிரம்பிக் கவிழும். மரத்தின் பக்கமே சாய்ந்து, கிளையைக் கட்டிப் பிடித்து, ஒவ்வொரு கையாக நகர்த்திப் படகை வெளியே கொண்டுவாருங்கள்.